புதுத் தண்ணீரில் மீன் ஏன் சாகுது?

நம்ம அறிவியல் ஆய்வகத்துக்கு மீன் தொட்டி வரப்போகுது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் வகுப்பில் அதுக்கே ஒரு சண்டை. தொட்டி வந்த அன்றே 20 மீன் விடணும் என்று ஒரு கட்சி. ஒரு மாசமாவது பொறுக்கணும் என்று நான் மட்டும் எதிர்க்கட்சி. வீட்டில் 2 வருஷமாக கப்பி மீன் வளர்க்கிறேன். என் பக்க நியாயத்தைக் கேளுங்கள்.

புதுத் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். ஆபத்தும் அப்போதுதான் அதிகம். மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். குளத்தில் என்றால் அவ்வளவு தண்ணீரில் கலந்து போயிடும். தொட்டிக்குள்ளே எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியாமலே செவுளைப் புண்ணாக்கிவிடும்.

இதற்கு மருந்து பாக்டீரியா! ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இதனால் அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரம். (எங்கள் தொட்டியின் பழைய தண்ணீர் அம்மாவின் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போகிறது.) பாடத்தில் படித்த நைட்ரஜன் சுழற்சிதான் இது. மண்ணில் இந்த வேலை செய்யும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி.

இவை ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டால் போதும். நடுவில் தண்ணீர் பால் மாதிரி கலங்கலாம். பயந்துபோய் எல்லாத்தையும் கொட்டிக் கழுவிடாதீங்க, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனுக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைக்கலாம். அவசரம் என்றால் மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' கிடைக்கும். பஞ்சைக் குழாயடியில் அலசவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். வாரம் கால் பங்கு, அதாவது ஒரு வாளித் தண்ணீர் மாற்றணும். தீனி 2 நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான். ஆளுக்கொரு கை போட்டால் அவ்வளவுதான்!

எங்கள் வீட்டுத் தொட்டிப் பஞ்சில் பாதியைத் தர நான் தயார். அப்படிச் செய்தால் 4 மீன் கொஞ்சம் சீக்கிரமே விடலாம். 20 கிடையாது!

ஆனால் ஒரு சிக்கல். சாயங்காலம் ஆய்வகத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க மோட்டார் நின்றால் பஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. தொட்டி வருவதற்கு முன்பே அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் தனி இணைப்பு கொடுக்கும்படி தலைமை ஆசிரியர் ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.