அளவுகோலையும் அளக்க வேண்டும்

"ஊசி போட்ட இரண்டு நாளில் ரத்தத்தில் மருந்து தட்டுப்படாது. ஆனால் ஆறு மாதம் வேலை செய்யும்" என்றார் டாக்டர். என் மனைவிக்குக் கொழுப்பைக் குறைக்க இன்க்ளிசிரான் ஊசி எழுதியிருந்தார். ரயில்வேயில் அளவுகோலும் கையுமாகக் காலம் தள்ளியவன் நான், சும்மா இருப்பேனா? "கண்ணில் படாததை எப்படி சார் அளந்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் படித்ததும் அன்பர்களுக்காக இதோ.

இது ஆர்.என்.ஏ. வகை மருந்து. ஓர் இழையில் 21 எழுத்து, இணை இழையில் 23. ரத்தத்தை விட்டுக் கல்லீரல் செல்லுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. ஆகவே ரத்தத்தில் மிக நுண்ணிய அளவையும், ஆராய்ச்சியின்போது ஈரல் திசுவில் உள்ளதையும் அளக்க வேண்டும்.

வழிகள் பல. பி.சி.ஆர். முறை ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கி எண்ணும். துளி இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் நுனியில் ஓர் எழுத்து உதிர்ந்த இழையையும் சில சமயம் முழு மருந்தென்று எண்ணிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நம் எடைமேடை மாதிரி. ஓர் எழுத்து குறைந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மிகச் சொற்ப அளவு அதற்கு எட்டாது. போதாததற்கு, ஆர்.என்.ஏ.வின் பாஸ்பேட் கருவியின் எஃகுக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். மருந்து குழாயில் நின்றுவிட, கணக்கில் குறையும். இப்போது உட்புறம் பூச்சிட்ட குழாய்கள் வந்து இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்திருக்கின்றன.

எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. ஒரு பணிமனையில் வரிசையாகச் சக்கர ஜோடிகள் தேறவில்லை. அகலப் பாதையில் சக்கரங்களின் உள் இடைவெளி 1600 மி.மீ. இருக்க வேண்டும். கடைசியில் மூல அளவுகோலை வைத்துப் பார்த்தால், சக்கரத்தில் பழுதில்லை. எங்கள் அளவுகோலின் முனை தேய்ந்திருந்தது!

ஆய்வகத்திலும் மூல அளவுகோல் உண்டு. மருந்தில்லாத ரத்தத்தில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள். சாதாரண ரசாயன மருந்துகளுக்குக் குரோமட்டோகிராபி முறையில் பொதுவாக 15 சதவீதப் பிசகுவரை ஏற்கிறார்கள். புதிய ஆர்.என்.ஏ. மருந்துகளுக்கு ஒரே முறையை நம்பாமல், இரண்டு முறைகளில் அளந்து ஒப்பிடுவது நல்லது. அளவு தப்பினால் டோஸ் தப்பும். டோஸ் தப்பினால் அனுபவிப்பது நோயாளி.

நோயாளிக்கு இவ்வளவு பரிசோதனை தேவையில்லை, எல்.டி.எல். அளவைப் பார்த்தால் போதும். மனைவிக்கு இரண்டாவது ஊசி மூன்றாம் மாதம். "ஊசி எனக்கு, படிப்பு உங்களுக்கா?" என்று கேட்கிறாள். படித்த பிறகு எனக்குப் பயம் குறைந்திருக்கிறது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.