ஆலைத் தீயும் அண்டை நிறுவனங்களின் கைத்திறனும்

மூலப்பொருள் முதல் வாடிக்கையாளர் வரை நீளும் நிறுவனங்களின் தொடர்பே விநியோகச் சங்கிலி எனப்படும். இடையூறு நேரும்போது அது விரைந்து வழிமாறி இயங்கும் திறன், கணினிகளைக் காட்டிலும் மனிதர்களின் பழக்கத்தையும் நம்பிக்கையையுமே சார்ந்தது என்பதை, 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் காரியா நகரில் ஐசின் செய்கி ஆலையில் மூண்ட தீ உணர்த்தியது. பின்சக்கரங்கள் வழுக்காதபடி பிரேக் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும், உள்ளங்கையில் அடங்கும் 'பி-வால்வு' என்னும் உதிரிபாகத்தை டொயோட்டா ஏறத்தாழ முழுவதுமாக அந்த ஆலையிலிருந்தே பெற்றுவந்தது. தேவைப்படும் வேளையில் மட்டுமே பாகங்களை வரவழைப்பது டொயோட்டாவின் முறை என்பதால் கையிருப்பு விரைவில் தீர்ந்து, கார் உற்பத்தி முடங்கியது.

அப்போது, வால்வு செய்தே பழகாத நிறுவனங்கள், தையல் இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற பிரதர் உட்பட, ஐசின் தந்த வரைபடங்களை வாங்கிக்கொண்டு, விலை பேசி முடியும்வரை காத்திராமல் வேலையில் இறங்கின. ஐசினின் தனிப்பயன் இயந்திரங்கள் தீக்கிரையாகிவிட்டதால், ஒவ்வொரு பட்டறையும் தன்னிடமிருந்த பொதுவகை இயந்திரங்களையும் தொழிலாளர்களின் கைத்திறனையும் நம்பியே பாகத்தைக் கடைந்தெடுக்கும் வழியை வகுத்தது. எதிர்ப்பட்ட சிக்கலையும் கண்ட தீர்வையும் அவை ஒன்றுக்கொன்று மறைக்காமல் பகிர்ந்துகொண்டதே இதில் மிகவும் போற்றத்தக்கது. சுமார் ஒரு வாரத்தில் டொயோட்டாவின் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. முன்கூட்டி எதையும் கேட்காத முதல்நிலை வழங்குநர்களுக்கு, அந்தக் காலாண்டில் தனக்கு விற்றதன் மதிப்பில் 1 சதவீதத்தை டொயோட்டா நன்றியாக வழங்கியது.