தலைவர்கள் பதினொருவர்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆகுர்டி ரயில் நிலையத்தை அடுத்த வெளியில் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். சென்ற மாதம் ஒரு நாள் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினர். சும்மா இருக்கப் பிள்ளைகளால் இயலுமோ? ஒரு பையன் பழைய நாட்குறிப்பிலிருந்து தாளொன்றைக் கிழித்து, "நம் நாட்டுத் தலைவர்களைக் கொண்டு ஒரு கிரிக்கெட் குழு அமைப்போம்" என்றான். நம்மை நடுவராக இருக்கும்படி வேண்டினர். விளையாட்டாக ஆரம்பித்த அக்காரியம் விளையாட்டாக முடியவில்லை. ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதலில் மட்டை பிடிக்கக் காந்தியடிகளே இறங்கவேண்டும் என்பதில் எல்லாரும் ஒருமனப்பட்டனர். 1930-இல் சபர்மதியிலிருந்து தண்டி வரை ஏறக்குறைய 240 மைல் நடந்த பொறுமையாளரை எந்தப் பந்து வீச்சாளர்தாம் எளிதில் வெளியேற்ற முடியும்? ஆயினும் ராஜ்கோட்டில் படிக்கும் காலத்தில் தேகப்பயிற்சியும் கிரிக்கெட்டும் கட்டாயமாக்கப்படும் வரையில் தாம் அவற்றின் பக்கமே போனதில்லை என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டுப் பிள்ளைகள் நகைத்தனர். வேறொரு செய்தியையும் அவர்களுக்குச் சொன்னோம். 1933-34-இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்துக் குழு இந்தியாவுக்கு வந்தது. அக்குழுவினர் பதினாறு பேரின் கையொப்பங்கள் விஜய் மெர்ச்சண்டின் சகோதரி லட்சுமியின் ஏட்டில் ஒரே பக்கத்தில் இருந்தன. காந்தியடிகளிடம் அவ்வேட்டை நீட்டியபோது, அதே பக்கத்தில் பதினேழாம் எண்ணிட்டுத் தம் பெயரை எழுதிவிட்டார். தலைவரை ஆட்டக்காரராக எண்ணிப் பார்க்கும் விளையாட்டை அவரே தொடங்கிவைத்தார் என்றால் மிகையாகாது.

அவருடன் இறங்க நேருவைச் சேர்த்தோம். 1953 செப்டம்பரில் வெள்ள நிவாரண நிதிக்காக டில்லியில் பார்லிமெண்டு உறுப்பினர்கள் ஆடிய கிரிக்கெட்டில், பிரதம மந்திரியின் குழுவுக்கு அவரே தலைமை தாங்கி மட்டை பிடித்தார். கற்பனைக்கு அங்கே வேலையில்லை. சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக இணைத்த பட்டேலிடம் ஆட்களை உரிய இடங்களில் நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்தோம்.

வேகப்பந்து வீசத் திலகரும் வ.உ.சி.யும். புனேயில் டெக்கான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் திலகர் உடற்பயிற்சியிலேயே காலத்தைச் செலவிட்டுப் பரீட்சையில் தவறினார் என்பது தெரிந்த கதை. வ.உ.சி.யோ 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து வெள்ளையர் கம்பெனியோடு மோதியவர். 1908 ஜூலையில், ஒரே மாதத்தில், இருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் மாண்டலேக்குச் சென்றார். மற்றவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். புனேயும் தூத்துக்குடியும் இரு முனைகளிலிருந்து பந்து வீசிய காலம் அது. அடுத்த வீட்டு மராத்தியப் பையனும் நம் பையனும் இதைக் கேட்டுக் கைகுலுக்கிக்கொண்டது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பிறர் அறியாவண்ணம் சுழற்றி வீச ராஜாஜி. குழுவைத் தேர்ந்தெடுக்கக் காமராசர். 1963-இல் தாமே முதல் மந்திரி பதவியை விட்டிறங்கி, 1964-இலும் 1966-இலும் பிரதமரைத் தெரிவு செய்வதில் முன்னின்றவருக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறு உண்டோ? அவர் ஆடவும் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்யவே, இரண்டு வேலையும் அவருக்கே என்று தீர்ப்பளித்தோம். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராகவும், பின்னர் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களின் குரலாகவும் விளங்கிய ஜெய்பால் சிங்கைச் சேர்த்தோம்.

"பெண்களில் ஒருவரும் இல்லையா?" என்று உள்ளிருந்து ஒரு சிறுமி கேட்டாள். நியாயமான கேள்வி. 1930-இல் காந்தியடிகளும், அவருக்குப்பின் அப்பாஸ் தயாப்ஜியும் கைதானதும், தராசனா உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை ஏற்றவர் சரோஜினி நாயுடு. உபதலைவர் பதவி அவருக்கே என்றோம். சட்டங்களை ஆக்கியவர் ஆட்டத்தின் விதிகளையும் அறிந்திருப்பார் என்று அம்பேத்கரை விக்கெட் காப்பாளராக்கினர். பதினோராமவராக நாம் சொன்ன பெயரைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. அவர் பாலு.

பல்வங்கர் பாலு 1876-இல் தார்வாரில் பிறந்தவர். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். நாம் வாழும் இதே புனேயில், பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் மைதானத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் மாதம் 3 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். பின்பு பூனா ஜிம்கானாவில் 4 ரூபாய். அங்கே வெள்ளையர்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்கு மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையைத் தொட அவருக்கு வாய்ப்பு அரிது; பந்தோ அவர் சொன்னபடி கேட்டது. இந்துக்களின் குழுவில் அவரைச் சேர்க்காமல் தீராது என்ற நிலை வந்தபோதும், மைதானத்தில் அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனிக் குவளையில் கொடுத்தனர். பின்னர் பம்பாய் சென்று, ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 1906-இல் இந்துக் குழு ஐரோப்பியரை வென்றபோது அவ்வெற்றியில் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இவ்வளவும் செய்தவரை இந்துக் குழுவின் தலைவராக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. 1920-இல் அவரைக் குழுவிலிருந்தே நீக்கியபோது, சகோதரர்கள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். அதன் பிறகே அவருக்கு உபதலைவர் பதவி கிடைத்தது. 1923-இல் தம்பி விட்டல் தலைவரானார். அக்குழு வாகை சூடியது. அண்ணனின் காலமோ அதற்குள் கடந்துவிட்டது.

ஆடுகளத்தை விட்டு அவர் அரசியலுக்கு வந்தார். 1932 செப்டம்பரில் எரவாடாவில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தபோது உருவான பூனா ஒப்பந்தத்தில், அம்பேத்கர், ராஜாஜி, நம் தமிழகத்து எம்.சி. ராஜா ஆகியோருடன் பாலுவும் கையொப்பமிட்டார். 1937-இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் பெற்றவை 13,245 வாக்குகள். பாலு பெற்றவை 11,225. இளமையில் பாலுவின் புகழைக் கண்டு பெருமிதம் கொண்டவர் அம்பேத்கர். ஒருவரை ஒருவர் மதித்த இருவர் எதிரெதிர்க் குழுக்களில் நின்ற விந்தை அது. பிள்ளைகளின் தாளில் இருவரும் ஒரே குழுவில் அமர்ந்தனர்.

நிற்க. தாளில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது: தலைவர் யார்? காந்தி என்றான் ஒருவன். அம்பேத்கர் என்றான் மற்றொருவன். காமராசர் என்றனர் மூவர். சச்சரவு வளர்ந்தது. அப்போது ஒரு பையன் மட்டும் பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நம் பிள்ளைகளில் அவனைப்போல் பந்து வீசுபவர் எவருமில்லை. பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளோடு ஆட நம்மவர் குழு அமைத்தபோது, தலைவனாக அவன் பெயரைத்தான் பிள்ளைகள் சொன்னார்கள். கூடியிருந்த பெரியவர்களில் ஒருவர், "அந்தப் பையன் ஆடட்டும், தலைவனாக வேறு யாரையாவது போடுங்கள்" என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிற்று. ஊரையும் உறவையும் விட்டு ரயிலேறி இவ்வளவு தூரம் வந்த நாம், விட்டுவர வேண்டிய மூட்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம், வாய் திறக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் காந்தியையும் அம்பேத்கரையும் பாரதியையும் படித்தவர்தாம் நாம். பேசவேண்டிய நேரத்தில் அப்படிப்பு உதவவில்லை. பாலுவின் கதையை அன்று தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டு போகையில், தனிக் குவளை என்ற இடம் வந்ததும் நமக்கு நா தழுதழுத்தது. அக்குவளையை நீட்டியவர்களும் நம்மைப்போல் சாதாரண மனிதர்களே, கொடியவர்கள் அல்லர். பக்கத்தில் நின்று பேசாதிருந்தவர்களும் அவ்வாறே.

மழை விட்டது. பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினர். தாள் நம் கையில் இருந்தது. தலைவர் என்ற சொல்லுக்கு எதிரே யாரோ பென்சிலால் "பாலு" என்று எழுதியிருந்தார்கள். யார் கையெழுத்து என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். மரியாதையாகவே பேசினோம், ஆனால் பேசினோம். அவர் உடனே ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. குழுவின் பெயர்ப் பட்டியலைப் பிள்ளைகளே எழுதட்டும், பெரியவர்கள் தலையிடுவதில்லை என்ற அளவில் இசைந்தார். வருகிற ஞாயிறு காலை ஆட்டம். நாணயத்தைச் சுண்டிப்போட நம் குழுவின் சார்பில் நடுக்களத்துக்கு நடந்து செல்பவன் யார் என்பதை, அன்பர்கள் குடும்பத்தோடு வந்து காணலாம். தேநீர் எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து, ஒரே மாதிரிக் குவளைகளில் வழங்கப்படும்.