ஏட்டுச்சுவடி முதல் கைப்பேசி வரை

இணையம் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். புனே ரவிவார் பேட்டையில் பாத்திர வியாபாரம் செய்பவன் நான். நாள்வழியும் பேரேடும் கணினிக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. 2016-இல் யூபிஐ வந்த பிறகு சில்லறை தேடுகிற வேலையும் குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் பணம் அனுப்பினால், மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று சத்தம் போட்டுச் சொல்கிறது. இந்த வசதிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. இந்தக் கருவிகளுக்குள் நம் தமிழ் எழுத்து எப்படிப் போய் உட்கார்ந்தது? அதனால் வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு வரவு என்ன, செலவு என்ன? வியாபாரி புத்தி, கணக்குப் பார்க்காமல் விடாது.

நூலும் ஒரு தானம்

தமிழ்ச் சமணர்களாகிய எங்களிடம் நான்கு தானங்கள் சொல்வார்கள்: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். சாத்திர தானம் என்றால் நூலைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது. பனையோலைக்கு ஆயுள் உண்டு. கரையான் அரிக்கும், விளிம்பு உதிரும். யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் மறுபடி எழுதினால்தான் நூல் அடுத்த தலைமுறைக்குப் போகும். எழுத ஆள் இல்லாத வீட்டில் அந்த நூல் செத்தது. நமக்குப் பெயர் மட்டுமே கிடைத்திருக்கும் நூல்கள் பல இப்படிப் போனவைதாம்.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சமணக் காப்பியமான அதைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார் என்பது அவரே எழுதி வைத்த செய்தி. அந்த வீடுகளில் நூலும் இருந்தது, அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஆளும் இருந்தார். இந்த இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் சிந்தாமணி நமக்குக் கிடைத்தது. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புனே தந்த உதவி

நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் 1988-இல் புனேயில் தொடங்கப்பட்டது. 1991-இல் 'பரம் 8000' என்ற மீத்திறன் கணினியைச் செய்த பெருமை அதற்கு உண்டு. அதோடு இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் முளைத்த 'ஜிஸ்ட்' என்னும் இந்திய எழுத்துத் தொழில்நுட்பம் சி-டாக்கில் வளர்ந்தது. ஜிஸ்ட் அட்டையைச் செருகினால், ஆங்கிலம் மட்டுமே காட்டிய அன்றைய கணினியில் மராத்தியும் இந்தியும் தமிழும் தெரிந்தன.

இதன் கூடப்பிறந்தது 'இஸ்கி' என்ற குறியேற்றம். குறியேற்றம் என்பது என்ன? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எழுதி வைத்த பட்டியலே குறியேற்றம். நம் கடையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் எண் போட்டு வைப்பதில்லையா, அதுபோல. இந்திய எழுத்துகள் பிராமியின் பிள்ளைகள்; ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை போதும் என்று இஸ்கியில் முடிவு செய்தார்கள். 1988-இல் வந்த இந்த வரிசையையே 1991-இல் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, எடுத்துக்கொண்டது. உலகத்துக் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இன்று இருப்பது அதுதான்.

ஒருங்குறியின் தமிழ்ப் பட்டியலைப் பார்த்தால், 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடம் காலியாகக் கிடக்கும். மராத்தியில் மற்ற மூன்று ககரங்கள் உட்காரும் நாற்காலிகள் அவை. தமிழுக்கு ஒரே 'க' போதும் என்பதால் நாற்காலி காலி. இந்த ஏற்பாடு தமிழுக்குப் பொருந்தவில்லை என்று அறிஞர்கள் சிலர் வாதாடினார்கள். தமிழக அரசு 2010-இல் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தரும் வேறொரு முறையையும் ஏற்றது. ஆனாலும் உலக வழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. இதே கொள்கையில் அமைந்த 'இன்ஸ்கிரிப்ட்' விசைப்பலகையில் மராத்தி 'க'வும் தமிழ் 'க'வும் ஒரே விசையில் இருக்கின்றன. பகலில் மராத்தியில் பில் அடித்து ராத்திரி தமிழில் கட்டுரை அடிக்கிற என்னைப் போன்றவனுக்கு இது பெரிய சௌகரியம்.

வரவு

முதல் வரவு, நூல்கள். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் காசு வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். முதலில் ஏறியது திருக்குறள். சாத்திர தானம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் செய்தது அதைத்தான். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் பாடங்களும் நூலகமும் தருகிறது. முன்பெல்லாம் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்பி, அவர் மறந்துவிட்டு வந்து, அடுத்த கோடை விடுமுறைவரை காத்திருப்போம். இப்போது உட்கார்ந்த இடத்தில் நாலடியார் படிக்கலாம்.

இரண்டாவது வரவு, உறவு. ஊர்க் கோயில் திருவிழாவைப் படுக்கையில் இருக்கிற பாட்டிகூடக் கைப்பேசியில் பார்க்கிறாள். இது சின்ன விஷயம் இல்லை.

செலவு

ஓலைக்கு மட்டும்தான் கரையான் என்று நினைக்காதீர்கள். 1990-களில் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை ஒட்டினார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். தமிழ்ச் சங்கங்களின் பழைய மலர்கள் இப்படித்தான் அச்சாயின. அந்தக் குறுந்தகடுகள் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன? இருந்தாலும் போட்டுப் பார்க்க வசதி உள்ள கணினி எத்தனை வீட்டில் இருக்கிறது?

அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படம் பார்க்கிறார்கள், குரல் செய்தி அனுப்புகிறார்கள். எழுத்து வேண்டியதே இல்லை. எழுதினாலும் ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடித்தால் கைப்பேசியே தமிழாக்கிவிடுகிறது. எந்த ழ, எந்த ள, எந்த ல என்று பிள்ளை யோசிப்பதில்லை. கருவி நீட்டுகிற சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறது.

எங்கள் உறவினர் ஒருவர் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்து வீட்டில் இருந்த ஓலை ஒன்றைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். ஒரு நிமிஷத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. கைகூப்புகிற பொம்மைகள் இருபது வந்தன. படித்தவர் ஒருவரும் இல்லை. ஏட்டில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, பழகினால்தான் பிடிபடும். எனக்கே நான்கு வரி தேற இரண்டு நாள் ஆயிற்று. சாமிநாதையர் காலத்தில் நூல் கிடைப்பது அரிது, படிக்கத் தெரிந்தவர் இருந்தார். இன்று நூல் கையில் இருக்கிறது, படிக்கிறவர் அரிதாகிறார். கணக்கு நேர் தலைகீழ்.

செய்யக்கூடியவை

ஒன்று: சங்கத்தின் பழைய மலர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். கோப்பு இருந்தால் ஒருங்குறிக்கு மாற்ற இலவச மென்பொருள்கள் உண்டு. அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் ஒளிவருடி, எழுத்துணரி மூலம் எழுத்தாக்கலாம்; பிழை திருத்த மட்டும் ஆள் வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் படி வைக்க வேண்டும்.

இரண்டு: வீட்டில் ஓலையோ பழைய கடிதமோ இருந்தால் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுங்கள். எந்த ஊர், யாருடையது என்று உடனே குறித்து வையுங்கள். குறிப்பில்லாத படம், விலாசம் இல்லாத தபால்.

மூன்று: பிள்ளையின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையையே போட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் தாத்தாவுக்கு ஒரு கடிதம், தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கட்டும். முதல் வாரம் முணுமுணுக்கும். போகப் போகக் கை பழகிவிடும்.

கருவி நம் எழுத்தைச் சுமந்துகொண்டு வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே அழைத்து உட்கார வைப்பது நம் பொறுப்பு. ஓலையை மறுபடி எழுதாத தலைமுறையோடு ஒரு நூல் முடிந்துபோனது; படிக்கச் சொல்லித் தராத தலைமுறையோடு மொழியே வீட்டைவிட்டுப் போய்விடும். இந்த மலரை உங்கள் பேரப்பிள்ளை எழுத்துக் கூட்டியாவது படிக்கட்டும். வாழ்க தமிழ்!