படம் எடுத்தாயிற்றா?

நோயாளியைப் பார்க்கச் செல்லும் உறவினர் இக்காலத்தில் முதலிற் கேட்கும் கேள்வி, "படம் எடுத்தாயிற்றா?" என்பதே. என் பெரியம்மா முழங்கால் வலியென்று ஒரு வைத்தியரிடம் சென்றார். அவர் காலை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, இது வயதினால் வந்த தேய்வு, படம் வேண்டியதில்லை என்று கூறிச் சில பயிற்சிகளைச் சொல்லி அனுப்பினார். பெரியம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "ஒரு படங்கூட எடுக்காமல் இதென்ன வைத்தியம்?" என்று வேறோரிடஞ் சென்று, பணங் கொடுத்துப் படம் எடுத்து வந்தார். படத்திற் கண்டதும் வயதின் தேய்வேதான். ஆயினும் அன்றிரவு அவர் நிம்மதியாக உறங்கினார் என்பதையும் நான் சொல்லவேண்டும்.

உடலைக் கீறாமல் அதன் உள்ளே பார்க்கும் வல்லமையை மனிதன் பெற்று நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பார்க்க முடியும் என்பதனாலேயே பார்த்துவிடுதல் தகுமா என்ற கேள்வியும் ஏறக்குறைய அத்துணைப் பழையதுதான்.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர் வில்ஹெல்ம் றொன்ட்ஜன். 1895 நவம்பர் 8ஆந் திகதி, கறுத்த அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயொன்றினுள் அவர் மின்னைச் செலுத்தியபோது, சற்றுத் தூரத்திற் கிடந்த இரசாயனந் தடவிய திரையொன்று ஒளிர்வதைக் கண்டார். பெயரறியாத அக்கதிருக்கு "எக்ஸ்" என்று பெயரிட்டார். டிசம்பர் 22ஆந் திகதி தம் மனைவியின் கையை அதன் எதிரே வைத்துப் படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் மாத்திரமே தெரிந்த அப்படத்தைக் கண்ட அம்மையார், தமது மரணத்தையே கண்டதுபோல அஞ்சினார் என்று சொல்லப்படுகிறது. 1901ல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு றொன்ட்ஜனுக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை அவர் தம் சர்வகலாசாலைக்கே அளித்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. பொதுநலம் என்ற சொல்லுக்கு மாணவர்களுக்கு உதாரணங் காட்ட நேரும்போதெல்லாம் நான் அவரையே காட்டுவேன்.

உலகம் அக்கதிரை விளையாட்டுப் பொருளாகவே முதலில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராயிருந்த கிளாறன்ஸ் டாலி என்பவர், குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறியத் தம் கைகளையே நாள்தோறும் கதிரின் முன் நீட்டினார். கைகள் புண்ணாயின, பின்னர் அவற்றை வெட்டி நீக்க நேர்ந்தது, 1904ல் அவர் இறந்தார். எடிசன் அத்துறையையே கைவிட்டார். இவ்வாறு கதிர்களுக்கு இரையான வைத்தியர்க்கும் தாதியர்க்கும் பிறர்க்கும் 1936ல் ஹம்பேர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் நாட்டினார்கள். ஆனால் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மேலைநாட்டுச் சப்பாத்துக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் இருந்தன. புதுச் சப்பாத்தணிந்த பிள்ளைகள் அதனுள்ளே காலை வைத்து, தங்கள் விரலெலும்புகள் அசைவதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அமெரிக்க மாநிலங்களுள் பென்சில்வேனியா அதனை 1957லேதான் தடை செய்தது. சப்பாத்தின் அளவை விரலால் அழுத்திப் பார்த்தால் அறியலாமே!

ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தீங்குகள். கண்ணுக்குத் தெரியாத தீங்கொன்றைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் வைத்தியர். அவர் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த அலிஸ் ஸ்ருவர்ட்.

1950ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் இரத்தப் புற்றுநோயால் இறக்கும் சிறுவர் தொகை அதிகரித்து வந்தது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் இறந்தனர். இத்துணை இளம் வயதில் வருவதாயின், நோயின் வித்து பிறப்பதற்கு முன்னரே விழுந்திருத்தல் கூடும் என்று ஸ்ருவர்ட் எண்ணினார். தாமும் ஒரு தாயாகையால், வைத்தியர் மறந்த ஏதோவொன்றைத் தாய் நினைவில் வைத்திருப்பாள் என்றும் நம்பினார். அவருக்குக் கிடைத்த உதவிப் பணம் ஆயிரம் பவுண் மாத்திரமே. அதுவும் இந்தியாவிலிருந்து வந்த தருமம்: இரத்தப் புற்றுநோயால் 1931ல் இறந்த தம் மனைவி மெஹர்பாயின் நினைவாக டொறாப்ஜி டாட்டா நிறுவிய நிதியம் அது. அச்சிறு தொகையைக்கொண்டு, இங்கிலாந்தெங்குமுள்ள பொதுச் சுகாதார வைத்திய அதிகாரிகளின் உதவியைப் பெற்று, பிள்ளையை இழந்த தாய்மாரிடமும், நலமாயிருந்த பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே வினாக்களைக் கேட்பித்தார். என்ன உண்டீர்கள், எந்நோய் கண்டீர்கள் என்பன போன்ற பல வினாக்களோடு, கர்ப்பகாலத்தில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தீர்களா என்பதும் ஒன்று.

விடைகள் வந்து சேரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே உண்மை புலப்பட்டது. வயிற்றைப் படம் எடுத்ததாகக் கூறியவர்கள், பிள்ளையை இழந்த தாய்மாரிடையே ஏறக்குறைய இரு மடங்காயிருந்தனர். சிசு எப்படிக் கிடக்கிறது, இரட்டையா, இடுப்பெலும்பின் அகலம் போதுமா என்று அறிவதற்கு அக்காலத்தில் கர்ப்பிணிகளைப் படம் எடுத்தல் வழக்கம். 1956ல் லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்திலும், 1958ல் வெளியிட்ட விரிவான கட்டுரையிலும் ஸ்ருவர்ட் இதனை அறிவித்தார்.

வைத்திய உலகம் அவரை வாழ்த்தவில்லை. துயருற்ற தாய் எதையேனும் பற்றிக்கொண்டு பதில் சொல்வாள், அவள் ஞாபகத்தை நம்பலாமா என்றார்கள். புகழ்பெற்ற ஆய்வாளர் றிச்சட் டொல் 1960ல் வேறோர் ஆராய்ச்சி செய்து, அத்தகைய தொடர்பு காணப்படவில்லை என்றார். 1962ல் அமெரிக்காவில் பிறையன் மக்மோகன், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பிறப்புகளை, தாயின் ஞாபகத்தையன்றி வைத்தியசாலைக் குறிப்பேடுகளையே ஆதாரமாகக்கொண்டு ஆராய்ந்தார். படம் எடுக்கப்பட்ட கர்ப்பங்களிற் பிறந்த பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் நூற்றுக்கு நாற்பது வீதம் கூடுதலாயிருந்தது. 1997ல் டொல்லும் அத்தீங்கு உண்மையே என எழுதினார். முதற் கடிதத்துக்கும் அவ்வொப்புதலுக்கும் இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள்!

இதனை நான் வகுப்பிற் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தத் தாய்மாருக்கு இந்த முடிவை யார் சேர் போய்ச் சொன்னார்கள்?" என்று கேட்டாள். படம் எடுக்கச் சொன்னவரும் வைத்தியர். வந்து வினவியவரும் வைத்தியர். இருவரையும் நம்பிய தாய்க்கு அவ்விடை எத்துணைப் பாரமாயிருந்திருக்கும்! அவளிடத்துக் குற்றம் யாதுமில்லை. இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். சிறுவர்க்குப் புற்றுநோய் வருதல் மிக அரிது. அரிதான ஒன்று சற்றுக் கூடினாலும் அரிதாகவே இருக்கும். ஆதலால், தான் கர்ப்பவதி என்பதை அறியாமல் எப்போதோ ஒரு படம் எடுத்துவிட்ட தாய் இதை வாசித்து அஞ்ச வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளை அக்கதிரிலிருந்து பெரிதுங் காத்தது இன்னொரு பொறி. கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்ட், யுத்தகாலத்தில் விமானப்படையிற் பணிபுரிந்து றேடார் போன்ற கருவிகளை அறிந்தவர். உலோகத்திலுள்ள வெடிப்புகளைச் செவிக்கெட்டாத ஒலியினால் கண்டறியும் கருவியொன்று கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் உண்டெனக் கேள்வியுற்று, 1955ல் சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைத் தம் காரிலே ஏற்றிக்கொண்டு அங்கே சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலையார் ஒரு மாட்டிறைச்சித் துண்டையும் வைத்திருந்தனராம். எதிரொலிகள் வேறுபட்டன. 1958ல் அவரும் துணைவர்களும் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணொருவரின் வயிற்றில் இருந்தது சூலகக் கட்டியே எனக் கண்டு, அதனை அகற்றி அவரைப் பிழைக்கவைத்த பெருமையும் அக்கருவிக்கு உண்டு. இன்று நாம் "ஸ்கான்" என்று சொல்வதன் பிறப்பு இதுவே. அதிற் கதிரில்லை, சிசுவுக்குத் தீங்கு செய்ததாக ஆதாரமும் இல்லை.

தீங்கு வேறு வழியால் வந்தது. முதற் பொறி தன் கதிரினால் சிசுவைத் தாக்கியது. இரண்டாவது பொறி தான் கூறிய செய்தியினால் தாக்கியது.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று திரையிற் கண்டு, பெண்ணாயின் கருவை அழிக்கும் வழக்கம் இந்தியாவில் பரவியது. ஆறு வயதுக்குட்பட்டோருள் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 1981ல் 962 பெண் பிள்ளைகள் இருந்தனர், 1991ல் 945, 2001ல் 927. வளம் மிகுந்த பஞ்சாப் மாநிலத்தில் 2001ல் 798 பேரே. வறுமையினால் அன்றோ இது நிகழ்கிறது என்போர்க்கு இந்தக் கடைசி எண்ணே விடை. ஸ்கான் செய்யப் பணமுள்ள இடத்திலேயே எண் பெரிதுங் குறைந்தது. 1994ல் இயற்றப்பட்டு 1996 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், சிசுவின் பாலைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வாறோ தெரிவித்தலைக் குற்றமாக்கியது. சைகையைச் சட்டத்திலே எழுத நேர்ந்ததே வெட்கக்கேடு. ஆயினும் சட்டத்தைப் பொறியின்மேல் ஏவலாம், மாமியாரின் மனத்தின்மேல் ஏவுவது எங்ஙனம்? சீதனப் பேச்சு நடக்கும் வீடுகளில் உள்ள நமக்கு இதனைத் தூரதேசத்துச் செய்தியென்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

வேண்டாத இடத்திற் பார்த்தமையால் வந்த தீங்குக்கு இன்னுமோர் உதாரணம் தென்கொரியா. அங்கே நலமாயிருந்தவர்களும் பிற பரிசோதனைகளோடு கழுத்தையும் ஸ்கான் செய்து பார்த்தனர். 2011ல் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 1993ல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. அந்நோயால் இறந்தவர் தொகையோ மாறவில்லை. அஃதாவது, ஆயுள் முழுவதும் துன்பஞ் செய்யாது கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் சுரப்பியை இழந்து, நாளும் மாத்திரை உண்பவராயினர். 2014ல் வைத்தியர் சிலர் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்த பின்னர், அறுவைகள் ஓராண்டுக்குள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன.

இவற்றைச் சொல்வதனால், எலும்பு முறிந்தவரும் நெஞ்சுவலி கண்டவரும் படம் எடுக்கத் தயங்கலாகாது. தலையில் அடிபட்டவரின் மூளையுள் இரத்தம் கசிவதை உடனே காட்டும் சீ.ரீ. ஸ்கானை 1971ல் முதன்முதல் நோயாளியொருவரிடம் பயன்படுத்தினார்கள். அதனால் உயிர்பெற்றவர் எத்தனையோ பேர். ஆனால் அதன் கதிர், நெஞ்சுக்கு எடுக்கும் சாதாரணப் படத்தைவிடப் பன்மடங்கு கூடியது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. "இப்படத்தைப் பார்த்தபின் உங்கள் சிகிச்சை மாறுமா, ஐயா?" என்று வைத்தியரைப் பணிவோடு கேட்கலாம். முன்னர் எடுத்த படம் உண்டென்றால் அதனைக் கொண்டுசெல்லலாம். கர்ப்பமாயிருக்கக்கூடும் என்ற ஐயமிருந்தால், கூச்சப்படாமல் அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மாவிடம் இவ்வளவையும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலுமாரியிலிருந்த அந்தப் பெரிய உறையை எடுத்து, அன்று வந்திருந்த அயல்வீட்டு அம்மாவுக்குத் தம் முழங்காலெலும்பை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டத் தொடங்கினார்.