வீட்டுத் தோட்டத்துச் சுரையும் பூசணியும்: நோயாளர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

ஆடி மாதம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் சிறுநீரக நோய்ப் பிரிவின் புறநோயாளர் அறைகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. "தோட்ட வேலை செய்யலாமா?" என்பது ஒன்று. "வீட்டில் விளைந்த காயைச் சாப்பிடலாமா?" என்பது மற்றொன்று. வயலோடும் கொல்லையோடும் வாழ்ந்து பழகியவர்கள், நோய் வந்த பின்னர் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, அதை மறுபடியும் எடுக்கலாமா என்று தெரியாமல் காத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரோ அக்கறையின் காரணமாக எல்லாவற்றையும் தடுத்துவிடுகிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் விடை "செய்யலாம், சாப்பிடலாம்" என்பதே. ஆனால் நீரிழிவு உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் அந்த விடையுடன் சில நிபந்தனைகள் சேர்கின்றன. அவற்றை இங்கே ஒருசேரத் தருகிறோம்.

தோட்டம் என்ன தருகிறது?

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கொத்துதல், களையெடுத்தல், நீர் சுமந்து ஊற்றுதல் ஆகியவை அத்தகைய உழைப்பில் அடங்கும். நடைப்பயிற்சிக்கு மனம் ஒப்பாதவர்கள்கூடக் கொடிக்கு நீர் ஊற்ற மறப்பதில்லை. பழமும் காய்கறியும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் பரிந்துரையே. வாசலிலேயே காய் தொங்கினால் இந்த அளவை எட்டுவது எளிது. பறித்த அன்றே சமைக்கும் காய்க்கு இயல்பான சுவை உண்டு. ஆகவே உப்பைக் குறைப்பதும் கடினமன்று. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ள வீட்டில் இது சிறிய நன்மையன்று.

கொடிக்காய்களை வளர்க்கும் முறை

முதன்முறையாகத் தோட்டம் போடுவோருக்குச் சுரை, பீர்க்கு, புடல், பூசணி ஆகிய கொடிவகைகளைப் பரிந்துரைக்கிறோம். இடம் குறைவாக இருந்தாலும் பந்தலில் ஏறிக்கொள்ளும். நின்றபடியே பறிக்கலாம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றவை. பூசணியிலும் மஞ்சள் பூசணி, வெண்பூசணி என இருவகை உண்டு. மஞ்சள் பூசணியையே சில ஊர்களில் பறங்கி என்றும், கொங்குப் பகுதியில் அரசாணி என்றும் அழைக்கின்றனர்.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் இவற்றுக்கு ஏற்ற காலங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, நன்கு மட்கிய தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்ப வேண்டும். சுரை விதையின் தோல் கடினமானது; ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, முளைத்த பின்னர் வலுவான இரண்டை மட்டும் விட்டுவைக்கலாம். நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்றினால் பூஞ்சை நோய் குறையும்.

"பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை" என்று பலரும் வருந்துவதுண்டு. இக்கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பே. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். தேனீக்களின் வரவு குறைந்த மாடித் தோட்டங்களில், ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிட வேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் மலர்வதால் அதற்குக் காலைவேளை உகந்தது. சுரைப்பூ அந்தி நேரத்தில் மலர்வதால் மாலையில் செய்ய வேண்டும். பழ ஈ துளைத்த பிஞ்சுகளை அப்படியே விட்டுவைக்காமல் ஆழமாகப் புதைத்துவிட்டால் அடுத்த தலைமுறை ஈக்கள் குறையும்.

கசக்கும் சுரைக்காய் உணவன்று

இக்கட்டுரையில் நினைவில் இருத்த வேண்டிய பகுதி ஒன்றே ஒன்று எனில், அது இதுதான். சுரை, பூசணி, பீர்க்கு, வெள்ளரி ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தம்மைத் தின்னவரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ள இக்குடும்பத்துச் செடிகள் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருளை உண்டாக்கும் ஆற்றல் உடையவை. நாம் பயிரிடும் வகைகளில் அது மிகக் குறைவாகவே இருக்கும். கடும் வெயிலாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் வாடிய கொடியில் அது மிகுதியாகலாம். கசப்பு வகைகளுடன் மகரந்தம் கலந்துவிட்டால், அக்காயின் விதையிலிருந்து முளைக்கும் அடுத்த கொடியிலும் அது வெளிப்படலாம். விதையைத் தாமே எடுத்துவைத்து ஊன்றுவோரும், குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியின் காயைப் பறிப்போரும் இதனால் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இந்த நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை. உண்ட சிறிது நேரத்திலேயே வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை தோன்றலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நல்லதென்று கருதி, வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு அருந்துவோர் நம்மிடையே பலர். சாறாக அருந்தும்போது ஒரு முழுக் காயின் நஞ்சும் ஒரே மூச்சில் உள்ளே சென்றுவிடுகிறது. இந்தியாவில் இதனால் நேர்ந்த உயிரிழப்புகளை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2012-இல் வெளியானது. ஜெர்மனியிலும் 2015-இல், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினிக் காயைச் சமைத்து உண்ட 79 வயது முதியவர் உயிரிழந்தார்.

காப்பு முறை எளியது. சமைக்கும் முன்போ சாறு பிழியும் முன்போ ஒவ்வொரு காயிலும் சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று வேறு காயுடனோ பழச்சாற்றுடனோ கலக்க வேண்டா. அருந்திய பின்னர் குமட்டலோ வாந்தியோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

யாருக்கு எந்தக் காய்?

சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்தவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் உயரக்கூடும். அது இதயத் துடிப்பையே நிறுத்திவிட வல்லது. 100 கிராம் சுரைக்காயில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அதே எடையுள்ள பாலக்கீரையில் 500 மில்லிகிராமுக்கும் மேல். ஆகவே இத்தகைய நோயாளர்களின் தோட்டத்தில் சுரையும் சௌசௌவும் முதலிடம் பெறட்டும். முருங்கைக்கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் மஞ்சள் பூசணியையும் எவ்வளவு உண்ணலாம் என்பதை எங்கள் உணவியல் வல்லுநரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியத்தின் கணிசமான பகுதி நீங்கும். வடித்த நீரைக் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்தால் பயனில்லை. நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் சுரைக்காய், வெண்பூசணிச் சாறுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் நட்சத்திரப் பழ மரம் இருப்பின், சிறுநீரக நோயாளர்கள் அப்பழத்தை அறவே தவிர்க்க வேண்டும். விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை அது உண்டாக்கக்கூடும்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை உட்கொள்வோர், கீரை பாத்தி தழைத்துவிட்டது என்பதற்காகத் திடீரென்று நாள்தோறும் கீரை உண்ணத் தொடங்கக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையைத் தடுக்கும். கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே முக்கியம்.

மண்ணில் கால் வைக்கும் முன்

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது; தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். விரல்களை மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். திரும்பியதும் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் வேலை தொடங்க வேண்டா. சட்டைப்பையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும்.

மழைக்காலத்து ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி வாழக்கூடும். 1912-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி ஆகிய இரு மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த நோய் அது. தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது, நீரிழிவு உள்ளவர்களையே மிகுதியாகத் தாக்குகிறது. விடாத காய்ச்சலோ, இருமலோ, சீழ்க்கட்டியோ வந்தால், மண்வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அந்தத் தகவல் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் இருப்பதும் அவசியம்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் முதல் ஆறு மாதமேனும், அதன் பின்னரும் மருத்துவர் இசைவு தரும் வரையிலும், மண்வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பதே எங்கள் அறிவுரை. மட்குக் குழியைக் கிளறுவதையும் தொழுவுரத்தைக் கையாளுவதையும் வீட்டிலுள்ள பிறரிடம் விட்டுவிடுங்கள். இசைவு கிடைத்த பின்னரும் கையுறை, முகக்கவசம், காலணி மூன்றும் வேண்டும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட கையால் மண்வெட்டியை ஓங்குவதோ நிறைந்த வாளியைத் தூக்குவதோ கூடாது. முள்ளுள்ள செடிகளுக்கிடையே அக்கையை விடுவதும் ஆபத்தே. வெயிலில் உழைத்தால் தாகம் மிகும். தாகம் மிகுந்தால் நீர்க் கட்டுப்பாடு தளரும். ஆதலால் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் குனிந்த நிலையிலிருந்து மெல்ல நிமிருங்கள்.

வேலைக்குப் பின் இடுப்பு வலித்தால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் எஞ்சியிருக்கும் சிறுநீரகத் திறனையும் பறித்துவிடலாம். எங்களைக் கேட்காமல் அவற்றை உட்கொள்ள வேண்டா.

நஞ்சும் நீரும் பாம்பும்

வீட்டுத் தோட்டத்திற்குக் கடும் பூச்சிக்கொல்லிகள் தேவைப்படுவதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தாலே அசுவினி முதலிய பல பூச்சிகள் கட்டுப்படும். ஏற்கெனவே வாங்கிய மருந்து இருந்தால், அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள், குழந்தைகள் அருந்திவிடுவார்கள். தவறி அருந்தியவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது மருந்துப் புட்டியையும் கொண்டுவாருங்கள்.

தொட்டியின் அடித்தட்டிலும் நீர் பிடித்துவைக்கும் பீப்பாயிலும் டெங்குக் கொசு வளரும். வாரம் ஒருமுறை அவற்றைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள். பந்தலடியில் ஓலையும் விறகும் குவிந்திருந்தால் பாம்பு தங்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாருக்கு

நோயாளர் செய்யக்கூடாத வேலைகள் சிலவே, செய்யக்கூடியவை பல. குழி எடுப்பதும் உரம் சுமப்பதும் உங்கள் பங்காகட்டும். விதை தெரிவதும், எந்த நாளில் ஊன்றுவது என்று முடிவுசெய்வதும், பிஞ்சுகளை எண்ணுவதும், பறித்த காயை யார் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது என்று சொல்வதும் அவர்களுடையவை. வீட்டில் எல்லோரிடமிருந்தும் உதவியைப் பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு, பிறருக்குத் தருவதற்குத் தம்மிடம் ஒரு காய் இருப்பது மனத்தை நிமிர்த்தும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை மாத்திரைச் சீட்டுடன் எழுதிக் கொண்டுவாருங்கள். எதை எவ்வளவு உண்ணலாம், எந்த வேலையைச் செய்யலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறோம்.