பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? முதல்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ வாகனக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே 2023-ல் ஒரு பழைய பிக்கப் வாங்கி, 14 மாதத்தில் பட்டறைக்கு மட்டும் 90,000 ரூபாய் கொடுத்தேன். இந்தத் தப்பை நம்ம உழவர்கள் வேறு யாரும் செய்யக் கூடாது என்றுதான் கணக்கோடு எழுதுகிறேன்.

வேடசந்தூர் பக்கம் நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து இயற்கை முறையில் காய்கறி போடுகிறோம். வாரம் இரண்டு நடை மதுரைக்குப் போகும். வாடகை வண்டிக்கு நடைக்கு 2,800 ரூபாய். 'சொந்த வண்டி இருந்தால் இந்தப் பணம் மிச்சமாகுமே' என்று தோன்றியது. 2015 மாடல் டீசல் பிக்கப் ஒன்று 3,40,000 ரூபாய்க்கு வந்தது. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எஃப்.சி., கடன் ரத்தான சான்று எல்லாவற்றையும் அலசிப் பார்த்தேன். வண்டியைக் காலியாக நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். சும்மா பறந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்த மே மாதம் ஒரு நாள் விடிகாலை 4 மணிக்குத் தக்காளி, கத்திரி, 300 கட்டுக் கீரையோடு கிளம்பினேன். கொடைரோடு தாண்டியதும் வெப்ப முள் சிவப்புக்குப் போய்விட்டது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அதோடு ஹெட் கேஸ்கட் போய் வண்டி நின்றுவிட்டது.

மாற்று வண்டி வந்து மதுரை சேர 11 மணி. தக்காளி தப்பியது. கீரை வாடிப்போனது, யாரும் வாங்கவில்லை. கீரை போடும் அக்காவுக்கு அன்றைக்கு 3,000 ரூபாய் நட்டம். "விடுங்க சார், மாடு படுத்துக்கிட்டா அடிச்சா எழுப்ப முடியும்?" என்றார். நான் கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. மறுநாள் அவருக்கு மகளிர் குழுத் தவணை. கைமாற்று வாங்கிக் கட்டினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திண்டுக்கல் பட்டறையில் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்மண் கரைசல் மாதிரி இருந்தது. முந்தைய உரிமையாளர் கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். உப்புப் படிந்து குழாய்கள் அடைத்துவிட்டன. "பேப்பரெல்லாம் பாத்து வாங்கினேன்னு சொன்னீங்களே சார், இந்த மூடியைத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

14 மாதத்தில் நான் கொடுத்த பில் இது. சாமானும் கூலியும் சேர்த்து:

கிளட்ச் செட்: 12,500
டர்போ சரிசெய்தது: 19,000
பின் ஸ்பிரிங் பட்டை, புஷ்: 9,200
முன் டயர் இரண்டு: 14,600
ரேடியேட்டர், ஹோஸ்: 7,800
ஹெட் கேஸ்கட், ஹெட் ஃபேசிங்: 17,400
செல்ஃப் மோட்டார், பேட்டரி: 9,500
ஆக மொத்தம்: 90,000

இதை 120 நடைக்குப் பிரித்தால் நடைக்கு 750 ரூபாய். டீசல் 1,300. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. 300. வண்டி விலை இறங்கியது 400. கூட்டினால் 2,750. வாடகை வண்டியைவிட வெறும் 50 ரூபாய்தான் மிச்சம். நான் ஓட்டியதற்குக் கூலி போடவே இல்லை!

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் சோதனைகள் இவை:

1. அதிகாலையில் போங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீங்க' என்று முன்பே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். துரு நிறத் தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் யோசியுங்கள். ஆயில் குச்சியில் டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

2. ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகைக்கு, கூலன்ட் எஞ்சினுக்குள் இறங்குவது ஒரு காரணம். கரும்புகை என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். முழு எஞ்சின் வேலை என்றால் எனக்குச் சொன்ன மதிப்பு ஒரு லட்சம்.

3. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது.

4. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் கீழே வெல்டிங் இருக்கலாம். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருந்தால் அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. உரமூட்டை ஏற்றிய வண்டியில் தொட்டித் தகட்டின் மடிப்புகளைத் தட்டிப் பாருங்கள். உப்பு தகட்டைத் தின்றிருக்கும்.

5. முன் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ முன்பக்க மூட்டுகளோ சரியில்லை. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது.

6. சுமை ஏற்றி, மேடு ஏற்றிப் பாருங்கள். காலி வண்டியில் என் டர்போவின் கோளாறு தெரியவே இல்லை.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டி என்றால் இன்னொன்று. அதில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தோட்டத்துக்கும் ஊருக்கும் மட்டுமே மெதுவாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும்.

காகிதமும் முக்கியம்தான். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் தேவை.

நம்மைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜீவாமிர்த டிரம்மும் சாணமும் ஏற்றினால் அன்றே தொட்டியைக் கழுவிவிடுங்கள். கோமியம் இரும்பை அரித்துவிடும்.

வண்டியை நான் விற்கவில்லை. திரும்பி வரும்போது புண்ணாக்கு, காலி கிரேட் என்று வாடகைச் சரக்கு ஏற்றி வருகிறேன். அதனால்தான் இப்போது கட்டுப்படியாகிறது. நடைக்கு 750 ரூபாயைப் பட்டறைக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். வாரம் ஒரே நடைதான் போகும் என்றால் வாடகை வண்டியே மேல். அப்படியும் வாங்குவதென்றால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். விலையில் நான்கில் ஒரு பங்கைப் பழுதுக்காகக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். மெக்கானிக்குக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். அந்த ஆயிரத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் 90,000 கொடுத்தேன்.

இப்போதெல்லாம் விடிகாலையில் கீரைக்கட்டை ஏற்றும்போது அந்த அக்கா கேட்கும் முதல் கேள்வி, "கூலன்ட் பாத்தாச்சா சார்?" பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கட்டை வண்டியில் வைக்கிறார்.